யாருங்க கடைசி? ஜாவாவில் லிங்க்ட் லிஸ்ட் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

இரண்டாம் ஆண்டு டேட்டா ஸ்ட்ரக்சர் லேப் பரீட்சையில் எனக்கு லிங்க்ட் லிஸ்ட் வந்தது. புரோகிராம் ஓடியது. ஐந்து பெயர் சேர்த்தேன், பிரிண்ட் செய்தேன், ஐந்தும் வந்தன. வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னலாக, அதாவது தேர்வாளராக, வந்திருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை பிரிண்ட் பண்ணுப்பா" என்றார். பண்ணினேன். ஒன்றுமே வரவில்லை. "ஒரு தடவை பார்த்தா லிஸ்ட் காணாமப் போயிருமா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. மனப்பாடம் செய்துவைத்திருந்த வரிகளில் எந்த வரி லிஸ்ட்டைத் தின்றது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அரியர்.

அடுத்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, அம்மாவின் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு கோத்தகிரியில் கடைக்குப் போனேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை பிடித்து அடிக்கும். அந்த மழையில் யாரும் வரிசையாக நிற்பதில்லை. ஒருவர் டீக்கடைத் தாழ்வாரத்தில், ஒருவர் பஸ் நிழற்குடையில், இரண்டு பேர் ஓரமாக நின்ற ஜீப்புக்குள். புதிதாக வருகிறவர் கேட்பது ஒரே கேள்வி.

"யாருங்க கடைசி?"

"நான்தான் தம்பி," என்றார் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட அக்கா ஒருவர்.

அவ்வளவுதான். அவருக்கு முன்னால் யார், எத்தனை பேர் என்பதெல்லாம் எனக்குத் தேவையில்லை. அந்த அக்கா போனதும் நான் போக வேண்டும். எனக்குப் பின்னால் வந்த பையன் என்னை நினைவில் வைத்துக்கொண்டான். இருபது பேர் இருபது மூலையில் ஒதுங்கியிருந்தோம், வரிசை மட்டும் குலையவில்லை. வர்க்கியை டீயில் தோய்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: ஒவ்வொருவரும் ஒரே ஒருவரை நினைவில் வைத்திருக்கும் இந்தச் சங்கிலிதான் லிங்க்ட் லிஸ்ட், நான் ஃபெயிலானது இதில்தான்.

உங்களுக்கு அந்த அரியர் வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கிளாஸ், ஆப்ஜெக்ட், மெத்தட், வைல் லூப் இவ்வளவு தெரிந்தால் போதும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஜேடிகே ஒன்று, ஜாவா புரோகிராமைக் கம்பைல் செய்து ஓட்டும் மென்பொருள் அது. ஓப்பன் ஜேடிகே இலவசம், பதிப்பு 17 அல்லது 21 எது கிடைத்தாலும் சரி. இறக்க 200 எம்பி அளவுக்கு டேட்டா செலவாகும். எங்கள் ஊரில் மழை நாளில் சிக்னலை நம்பி இதைத் தொடங்காதீர்கள், கல்லூரி லேபிலேயே பென்டிரைவில் எடுத்துவந்துவிடுங்கள். பெரிய எடிட்டர் எதுவும் வேண்டாம். நோட்பேடும் கமாண்ட் ப்ராம்ப்ட் என்கிற கறுப்புத் திரையும் போதும். நான் பழகியது அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினியில்தான். பொது கிளாஸின் பெயரும் ஃபைலின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. முதல் நாள் வரும் எர்ரர்களில் பாதி இதுதான்.

ஒரு தீப்பெட்டி. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று, அட்டையாக இருந்தால் நல்லது. எதற்கென்று எட்டாவது படியில் சொல்கிறேன்.

நேரம்: தினம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு வாரம். சேர்ப்பது ஒரு சாயங்காலத்தில் வந்துவிடும். எடுப்பதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. திருப்புவதற்கும் அப்படியே.

இன்னொன்று. கீழே புரோகிராம் வரிகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நெக்ஸ்ட், ஹெட், நல் என்று நான் எழுதுவதை நீங்கள் கீபோர்டில் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். காப்பி எடுத்து ஒட்ட முடியாது. ஒட்டித்தான் நான் ஃபெயிலானேன், அதனால் இந்தச் சிரமம் உங்களுக்கு நல்லதே. சோதனைக்குக் கொடுக்கும் ஊர்ப் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே கொடுங்கள். தமிழில் கொடுத்தால் விண்டோஸின் கறுப்புத் திரை பெரும்பாலும் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும்தான் காட்டும். புரோகிராமில் தப்போ என்று வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

2. நோடு: ஒரு ஆள், ஒரே ஒரு நினைவு

நோடு என்பது கடைக்கு வந்திருக்கும் ஒரு ஆள். அவரிடம் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று அவர் பெயர், அதை டேட்டா என்போம். மற்றொன்று அவருக்கு முன்னால் யார் என்ற நினைவு, அது நெக்ஸ்ட்.

கிளாஸ் நோடு
  ஸ்ட்ரிங் டேட்டா
  நோடு நெக்ஸ்ட்

"நோடுக்குள்ளேயே நோடா, அது எப்படி அடங்கும்?" என்று நான் வகுப்பில் ஒரு வாரம் முழித்தேன். கேட்க வெட்கம். அடங்கவில்லை என்பதுதான் பதில். நெக்ஸ்ட்டுக்குள் இருப்பது இன்னொரு ஆள் இல்லை, அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்ற குறிப்பு. நான் மஞ்சள் ஸ்வெட்டர் அக்காவை நினைவில் வைத்திருந்தேன், தோளில் தூக்கி வைத்திருக்கவில்லை. ஜாவாவில் ஆப்ஜெக்ட் வகை மாறி எல்லாமே இப்படிக் குறிப்புதான், ரெஃபரன்ஸ் என்பார்கள். அது யாரையுமே காட்டவில்லை என்றால் அதன் மதிப்பு நல். கவுன்டரில் கைரேகை வைத்துக்கொண்டிருக்கிறவரின் நெக்ஸ்ட் நல், அவருக்கு முன்னால் ஆள் இல்லை.

கன்ஸ்ட்ரக்டரில் டேட்டாவை மட்டும் வாங்கினால் போதும். நெக்ஸ்ட்டுக்கு நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் ஜாவாவே நல் வைத்துவிடும்.

3. லிஸ்ட் கிளாஸ்: ஹெட்டை வெளியே விடாதீர்கள்

நோடு ஒரு கிளாஸ், லிஸ்ட் இன்னொரு கிளாஸ். இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால் பிறகு எதையும் பிரிக்க முடியாது. லிஸ்ட்டுக்குள் இருக்க வேண்டியவை இரண்டே: ஹெட், அதாவது சங்கிலி எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு; அளவு, அதாவது எத்தனை பேர் என்ற எண்ணிக்கை. இரண்டும் பிரைவேட். நோடு கிளாஸை லிஸ்ட்டுக்கு உள்ளேயே பிரைவேட் ஸ்டாட்டிக் கிளாஸாக வைத்துவிடுங்கள். வெளியிலிருந்து ஒருவர் பெயரைக் கொடுக்கலாம், பெயரை வாங்கலாம். நெக்ஸ்ட்டில் கை வைக்கக் கூடாது.

இது ஏதோ ஆப்ஜெக்ட் ஓரியண்டட் ஆசாரம் என்று நினைத்தேன். இல்லை. கடைச் சங்கிலியில் யாரோ ஒருவர் வந்து, "அக்கா, உங்களுக்கு முன்னாடி இனி நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனால், அப்படிச் சொன்னவருக்கு முன்னால் யார் என்று அவருக்கே தெரியாதபோது, மொத்தமும் அறுந்துவிடும். அதைத் தடுக்கும் பூட்டுதான் பிரைவேட்.

இங்கே ஒரு கண்ணி. சி மொழியில் எழுதப்பட்ட பழைய புரோகிராமை ஜாவாவுக்கு மாற்றிய நோட்ஸ் கல்லூரிகளில் கைமாறிக்கொண்டே இருக்கும். அதில் "சேர்" மெத்தடுக்கு ஹெட்டைப் பாராமீட்டராக அனுப்பி, உள்ளே ஹெட்டை மாற்றியிருப்பார்கள். ஜாவாவில் இது பலிக்காது. ஜாவா அனுப்புவது ரெஃபரன்ஸின் நகலை. உள்ளே நகல் மாறும், வெளியே பழைய ஹெட் அப்படியே நிற்கும். எத்தனை சேர்த்தாலும் லிஸ்ட் காலியாகவே இருக்கிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். ஹெட் அந்த ஆப்ஜெக்ட்டின் சொந்தச் சொத்தாக இருக்கட்டும், பாராமீட்டராக ஊர் சுற்ற வேண்டாம்.

4. முன்னால் சேர்ப்பது: இரண்டே வரி, வரிசை மாறினால் போச்சு

"யாருங்க கடைசி?" என்ற கேள்விக்குப் பதிலாக வருகிறவர்தான் ஹெட். இதில் தலைகீழாக ஒன்று இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். கடையில் கடைசியாக வந்தவர் எவரோ அவரே லிஸ்ட்டுக்குத் தலை. ஏனென்றால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டுமென்றால் அவரிடமிருந்துதான் தொடங்க முடியும். நான் வந்தபோது நடந்தது இதுதான்:

புதியது.நெக்ஸ்ட் = ஹெட்
ஹெட் = புதியது
அளவு = அளவு + 1

முதலில் அக்காவை நினைவில் வைத்தேன். பிறகுதான் "இப்போது நான்தான் கடைசி" என்றேன். இதை மாற்றிச் செய்தால்? ஹெட் என்பது நானே ஆகிவிட்டேன், அடுத்த வரியில் ஹெட்டை, அதாவது என்னையே, நினைவில் வைத்துக்கொள்கிறேன். எனக்கு முன்னால் நான். அக்காவும் அவருக்கு முன்னால் இருந்த எல்லோரும் தொலைந்தார்கள். பிரிண்ட் போட்டால் உங்கள் பெயரே திரையில் கொட்டிக்கொண்டே இருக்கும், நிற்காது. கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தி நிறுத்துங்கள், பதற வேண்டாம்.

காலியான லிஸ்ட்டுக்குத் தனியாக இஃப் போட வேண்டுமா என்று கேட்பார்கள். இந்த ஒரு வேலைக்கு வேண்டாம். ஹெட் நல் என்றால் புதியதின் நெக்ஸ்ட்டும் நல் ஆகும், அதுதானே நமக்கு வேண்டியது.

5. நடப்பதும் கடைசியில் சேர்ப்பதும்

என் லிஸ்ட்டைத் தின்ற வரி இங்கேதான் இருக்கிறது. நான் எழுதியிருந்த பிரிண்ட் மெத்தட் இது:

வைல் (ஹெட் != நல்)
  பிரிண்ட் ஹெட்.டேட்டா
  ஹெட் = ஹெட்.நெக்ஸ்ட்

பார்க்க அழகாக இருக்கிறது. முதல் முறை எல்லாப் பெயரும் வரும். ஆனால் நடந்துபோனது ஹெட்டே. முடியும்போது ஹெட் நல்லில் நிற்கிறது. முதல் நோடைக் கையில் பிடித்திருந்தவர் யாரும் இல்லை. ஜாவாவில் யாரும் காட்டாத ஆப்ஜெக்ட்டைக் கார்பேஜ் கலெக்டர் தன் வசதிக்கு வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் நடப்பதற்கு "இப்போது" என்ற பெயரில் தனி ஆள் வையுங்கள்:

நோடு இப்போது = ஹெட்
வைல் (இப்போது != நல்)
  பிரிண்ட் இப்போது.டேட்டா
  இப்போது = இப்போது.நெக்ஸ்ட்

கடைசி வரியை மறந்தால் முதல் பெயரிலேயே லூப் சுற்றும். அதையும் நான் செய்திருக்கிறேன்.

கடைசியில் சேர்க்க, இப்போது.நெக்ஸ்ட் நல் ஆகும்வரை நடந்து, அங்கே நின்று புதியதை மாட்டுங்கள். இப்போது நல் ஆகும்வரை நடந்துவிட்டால் சங்கிலியைத் தாண்டிப் போய்விட்டீர்கள், மாட்டுவதற்கு ஆளே இல்லை. காலி லிஸ்ட்டாக இருந்தால் நடக்கவே முடியாது, எனவே இங்கே "ஹெட் நல் என்றால் ஹெட் = புதியது" என்ற தனி இஃப் கட்டாயம். நல் பாயின்டர் எக்ஸ்செப்ஷன் என்று வந்தால் அது காட்டும் வரி எண்ணைப் பாருங்கள். அந்த வரியில் ஒரு புள்ளிக்கு இடப்பக்கம் இருக்கும் ஏதோ ஒன்றுதான் நல்.

6. நடுவில் நுழைப்பது

இதற்கு ரயில் நிலையங்களை எடுத்துக்கொள்ளுங்கள், சோதிக்கவும் வசதி. மலை ரயிலில் குன்னூரிலிருந்து ஊட்டி வரை வரிசை இது: குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. கேத்தியை மட்டும் விட்டுவிட்டு லிஸ்ட் கட்டுங்கள். பிறகு அருவங்காட்டுக்கு அடுத்து கேத்தியை நுழையுங்கள். தப்பு நடந்தால் உள்ளூர்க்காரர் கண்ணுக்கு உடனே தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்களைக் கொடுத்துச் சோதித்தால் அந்த உறுத்தல் வராது.

நடந்து போய் அருவங்காட்டில் நில்லுங்கள். இப்போது என்பது அருவங்காடு.

புதியது.நெக்ஸ்ட் = இப்போது.நெக்ஸ்ட்
இப்போது.நெக்ஸ்ட் = புதியது

கேத்தி முதலில் லவ்டேலைப் பிடித்துக்கொள்கிறது, பிறகே அருவங்காடு லவ்டேலை விட்டுவிட்டுக் கேத்தியைப் பிடிக்கிறது. மாற்றி எழுதினால் நான்காவது படியில் சொன்ன அதே கதை: கேத்தி கேத்தியையே காட்டும், லவ்டேலும் ஊட்டியும் போய்ச்சேராது. லிங்க்ட் லிஸ்ட்டின் எல்லா வேலையிலும் நான் கவனிப்பது இது ஒன்றைத்தான். ஒரு கையை விடுவதற்கு முன், அந்தக் கை பிடித்திருந்ததை வேறு யாராவது பிடித்தாயிற்றா?

இடத்தை எண்ணாகக் கேட்கும் கேள்வியும் வரும், "மூன்றாவது இடத்தில் சேர்" என்று. எண்ணிக்கை சுழியத்திலிருந்தா, ஒன்றிலிருந்தா என்பதை மேலே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஆசிரியருக்கு ஒன்று, எக்ஸ்டர்னலுக்கு வேறொன்று என்று இருக்கும். எழுதிவைத்திருந்தால் வாதம் வராது. எண் சுழியத்துக்குக் கீழே போனாலோ அளவைத் தாண்டினாலோ உள்ளே நுழையும் முன்பே எக்ஸ்செப்ஷன் வீசிவிடுங்கள்.

7. எடுப்பது: அவசரப்படாதீர்கள்

அன்று கடையில் பாதியிலேயே ஒரு சிக்கல். மஞ்சள் ஸ்வெட்டர் அக்காவின் பிள்ளைக்குப் பள்ளியிலிருந்து ஃபோன். கிளம்பினார். சத்தமில்லாமல் போயிருந்தால் நான் தொங்கியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அவரை மட்டும்தானே. தெரிந்தவர், அதனால் சொல்லிவிட்டுப் போனார்: "தம்பி, எனக்கு முன்னாடி அந்தக் குல்லாப் போட்ட தாத்தா. அவருக்கு அடுத்து நீ போயிக்க."

இதை அப்படியே ஜாவாவில் எழுதினால்:

இப்போது.நெக்ஸ்ட் = இப்போது.நெக்ஸ்ட்.நெக்ஸ்ட்

இங்கே இப்போது என்பது நான், கிளம்பிய அக்கா இல்லை. எடுக்க வேண்டிய நோடில் போய் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. அவரைக் காட்டிக்கொண்டிருப்பவரிடம் நிற்க வேண்டும், அதாவது அவரை எட்டுவதற்கு ஒரு அடி முன்னாலேயே. எனக்கு இரண்டு நாள் பிடித்தது இந்த ஒரு அடிதான்.

நிற்க வேண்டிய இடம் வரை நடக்கும் நிபந்தனையை இப்படி எழுதுங்கள்:

வைல் (இப்போது.நெக்ஸ்ட் != நல் && !இப்போது.நெக்ஸ்ட்.டேட்டா.ஈக்குவல்ஸ்(பெயர்))

இரண்டு பாதியை இடம் மாற்றிவிடாதீர்கள். ஜாவா இடமிருந்து பார்க்கும். முதல் பாதி பொய் என்றால் இரண்டாவதைத் தொடவே தொடாது. மாற்றிப் போட்டால் பெயர் இல்லாத லிஸ்ட்டில் கடைசிக்கு வந்ததும் நல்லிடம் போய் டேட்டா கேட்டு விழும்.

இந்த வைலுக்கு முன்னால் இரண்டு இஃப் வேண்டும். லிஸ்ட் காலியா? ஆமென்றால் திரும்பு. தேடும் பெயர் ஹெட்டிலேயே இருக்கிறதா? ஆமென்றால் ஹெட் = ஹெட்.நெக்ஸ்ட் போட்டு, அளவில் ஒன்றைக் குறைத்துத் திரும்பு, ஏனென்றால் ஹெட்டைக் காட்டும் நோடு எதுவும் இல்லை, லிஸ்ட்டே நேராகப் பிடித்திருக்கிறது. வைலுக்குப் பிறகும் ஒரு இஃப்: இப்போது.நெக்ஸ்ட் நல்லாக இருந்தால் பெயர் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது அளவைக் குறைக்காதீர்கள். கிடைக்காத பெயரை எடுத்ததாக எண்ணி அளவு ஒன்று ஒன்றாகக் குறைந்து மைனஸில் போன லேப் ரெக்கார்டு நோட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், அதில் கையெழுத்தும் இருந்தது.

ஈக்குவல்ஸுக்குப் பதில் இரட்டைச் சமக்குறி போட்டால் என்ன ஆகும்? இது மோசமான கண்ணி, ஏனென்றால் வீட்டில் சோதித்தால் சரியாகவே ஓடும். புரோகிராமிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதிய ஒரே சொல்லை ஜாவா ஒரே ஆப்ஜெக்ட்டாக வைத்துக்கொள்கிறது, அதனால் இரட்டைச் சமக்குறி "ஒன்றுதான்" என்னும். லேபில் கீபோர்டில் அடிப்பதை வாங்கும் ஸ்கேனர் கிளாஸ் வழியாகப் பெயரை அடித்ததும் அது புது ஆப்ஜெக்ட். எழுத்து ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு. கண்ணெதிரே இருக்கும் "கேத்தி" கிடைக்கவில்லை என்று புரோகிராம் சாதிக்கும். ஸ்ட்ரிங் என்றால் ஈக்குவல்ஸ், வேறு பேச்சு இல்லை.

எடுத்த நோடை அழிக்க வேண்டுமா? ஜாவாவில் வேண்டாம். சிபிளஸ்பிளஸில் எழுதுகிறவர்கள் கையால் டெலீட் செய்தே ஆக வேண்டும், அதற்கு முன் அதன் நெக்ஸ்ட்டை வேறு மாறியில் வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

8. திருப்புவது: தீப்பெட்டியை எடுங்கள்

கடைக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். எங்கள் சங்கிலியில் ஒவ்வொருவருக்கும் தனக்கு முன்னால் இருப்பவரைத் தெரியும். கடைக்காரருக்கு வேண்டியது அடுத்து யார் என்பது. கவுன்டரில் நிற்பவரிடம் கேட்டால் அவருக்குத் தெரியாது, அவர் நெக்ஸ்ட் நல். எனவே "அடுத்தது யாரு?" என்று மழைக்குள் கத்த வேண்டியிருக்கிறது. எல்லோரும் நினைவைத் திருப்பி, தனக்குப் பின்னால் வருகிறவரை வைத்துக்கொண்டால் அவர் கத்த வேண்டாம். ரிவர்ஸ் என்பது அதுதான். ஆட்கள் யாரும் இடம் மாறுவதில்லை, குச்சிகள் மட்டும் திரும்புகின்றன.

கல்யாணப் பத்திரிகையை மூன்று துண்டாகக் கிழித்துக் குன்னூர், வெலிங்டன், அருவங்காடு என்று எழுதி வரிசையாக வையுங்கள். துண்டுகளுக்கு நடுவே தீக்குச்சி, மருந்துத் தலை அடுத்த ஊரைப் பார்த்தபடி. (கார்த்திகை ஈரத்தில் எங்கள் வீட்டுத் தீக்குச்சி எதற்கும் பற்றாது, இதற்காவது உதவியது.) இப்போது மூன்று விரல்கள் வேண்டும்: முன், இப்போது, அடுத்து.

முன் = நல்
இப்போது = ஹெட்
வைல் (இப்போது != நல்)
  அடுத்து = இப்போது.நெக்ஸ்ட்
  இப்போது.நெக்ஸ்ட் = முன்
  முன் = இப்போது
  இப்போது = அடுத்து
ஹெட் = முன்

முதல் சுற்று. அடுத்து விரலை வெலிங்டன்மேல் வையுங்கள். குன்னூரின் குச்சியை எடுத்துவிடுங்கள், அதற்கு முன்னால் யாரும் இல்லை. இந்த நிமிடத்தில் லிஸ்ட் இரண்டு துண்டாகக் கிடக்கிறது: குன்னூர் தனியாக, வெலிங்டனும் அருவங்காடும் தனியாக. வெலிங்டன்மேல் அந்த விரல் இல்லாவிட்டால் அந்தப் பாதி போனது போனதுதான். அதனால்தான் நான்கு வரிகளில் முதல் வரி அது. பிறகு முன் விரல் குன்னூருக்கு, இப்போது விரல் வெலிங்டனுக்கு.

இரண்டாம் சுற்றில் அடுத்து அருவங்காடு, வெலிங்டனின் குச்சி குன்னூரைப் பார்க்கத் திரும்புகிறது. மூன்றாம் சுற்றில் அடுத்து நல், அருவங்காட்டின் குச்சி வெலிங்டனைப் பார்க்கிறது. இப்போது நல் ஆனது, லூப் நின்றது. முன் விரல் அருவங்காட்டின்மேல் இருக்கிறது, அதுவே புது ஹெட்.

கடைசி வரியை மறந்தால் பிரிண்ட்டில் குன்னூர் மட்டும் வரும். ஹெட் இன்னும் குன்னூரிலேயே நிற்கிறது, குன்னூருக்கு அடுத்து யாரும் இல்லை. லேபில் ஒரே ஒரு பெயர் வந்தால் புரோகிராம் முழுவதையும் கலைக்காதீர்கள், அந்த ஒரு வரியைச் சேருங்கள்.

ரிகர்ஷனில், அதாவது மெத்தட் தன்னையே கூப்பிடும் முறையில், இதைச் சுருக்கமாக எழுதலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் நோடு எண்ணிக்கை சில பத்தாயிரங்களைத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எர்ரரில் போய் முட்டும். பரீட்சைக்கு லூப்பையே எழுதுங்கள்.

9. செலவு

ரூபாய்ச் செலவு ரெக்கார்டு நோட்டும் ஜெராக்ஸும்தான். வைவாவில் கேட்கும் செலவு வேறு.

முன்னால் சேர்ப்பதற்கு லிஸ்ட்டில் பத்து பேர் இருந்தாலும் பத்து லட்சம் பேர் இருந்தாலும் அதே இரண்டு வரி. எத்தனை பேர் இருந்தாலும் வேலை மாறாது, இதை ஓ ஆஃப் ஒன் என்று சொல்லுங்கள். தேடுவது, பெயர் சொல்லி எடுப்பது, திருப்புவது எல்லாம் நடக்க வேண்டியவை, ஆள் கூடக் கூட நடையும் கூடும், அது ஓ ஆஃப் என். கடைசியில் சேர்ப்பதும் நடந்துபோனால் ஓ ஆஃப் என். ஆயிரம் பெயரை இப்படி ஒவ்வொன்றாகக் கடைசியில் சேர்த்தால் மொத்தம் ஐந்து லட்சம் அடி நடந்திருப்பீர்கள். டெயில் என்று இன்னொரு பிரைவேட் குறிப்பு வைத்துக்கொண்டால் அந்த நடை மிச்சம். ஆனால் கடைசி நோடை எடுக்கும்போது டெயிலையும் நகர்த்த வேண்டும், லிஸ்ட் காலியானால் இரண்டையும் நல் ஆக்க வேண்டும், திருப்பும்போது பழைய ஹெட்டை டெயிலாக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் கணக்கு உதைக்கும். முதல் வாரத்தில் டெயில் வேண்டாம் என்பேன்.

இடச் செலவு: ஜாவா புரோகிராமை ஓட்டும் வழக்கமான 64 பிட் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில் நம்முடைய நோடு ஒன்றுக்கு 24 பைட். பெயருக்கான இடம் இதில் சேராது. அர்ரேயில் அதே குறிப்புக்கு 4 பைட்தான். ஜாவாவிலேயே லிங்க்ட் லிஸ்ட் என்ற ரெடிமேட் கிளாஸ் இருக்கிறது, அது இரு பக்கமும் குறிப்பு வைக்கும் டபுளி வகை. வேலைக்குப் போனபின் அன்றாடம் அர்ரே லிஸ்ட்டைத்தான் அதிகம் தொடுவீர்கள், பெரும்பாலான வேலைக்கு அதுவே வேகம். "பிறகு எதற்கு இதைப் படிக்கிறாய்?" என்று வைவாவில் மடக்குவார்கள். ரெஃபரன்ஸ் புரிவதற்கு என்று நான் சொன்னேன், கேட்டவர் தலையாட்டினார்.

10. லேப் நாளும் அதற்கு முந்தைய வாரமும்

ரெக்கார்டில் எல்லா எக்ஸர்சைஸுக்கும் ஆசிரியர் கையெழுத்து, முதல் பக்கத்துப் போனஃபைடில் துறைத் தலைவர் கையெழுத்து, ஹால் டிக்கெட், ஐடி கார்டு. இந்த நான்கில் கடைசி நேரத்தில் காலை வாருவது போனஃபைட் கையெழுத்துதான். மழைக்கு மாவட்ட நிர்வாகம் விடுமுறை விட்டால் இரண்டு மூன்று நாள் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. ஒரு வாரம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். ரெக்கார்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். நனைந்த ரெக்கார்டில் என் நண்பனின் மை கரைந்து கையெழுத்தே காணாமல் போனது. கீழே சமவெளியில் பரீட்சை என்றால் முதல் நாளே இறங்கிவிடுங்கள். மண் சரிந்து குன்னூர்ப் பாதை அடைபட்டால் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகத் திரும்பும், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

எங்களுக்கு மூன்று மணி நேரம். முதல் அரை மணி அல்காரிதத்துக்கும் படத்துக்கும். கட்டமும் அம்பும் போட்டு வரைந்துவிடுங்கள், கரண்ட் போய் புரோகிராம் ஓடாவிட்டாலும் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்கும். பிறகு ஒவ்வொரு மெத்தடாக எழுதி, எழுதியவுடன் கம்பைல் செய்யுங்கள். ஐந்தையும் எழுதிவிட்டுக் கடைசியில் கம்பைல் செய்தால் எர்ரர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. மெயினில் இந்த நான்கையும் சோதித்துவிட்டுத்தான் கையைத் தூக்க வேண்டும்: காலி லிஸ்ட்டில் எடுப்பது, ஒரே நோடு இருக்கும்போது எடுப்பது, ஹெட்டை எடுப்பது, இல்லாத பெயரை எடுப்பது.

அரியர் எழுதப் போனபோது எனக்கு மறுபடியும் லிங்க்ட் லிஸ்ட்டே வந்தது. எக்ஸ்டர்னல் வேறு ஒருவர். அவர் கேட்கும் முன்பே இரண்டு தடவை பிரிண்ட் செய்து காட்டினேன். "எதுக்குப்பா ரெண்டு தடவை?" என்றார்.